மழை இல்லாத ஞாயிறாகப் பார்த்துப் போங்கள்

மூன்றாம் பிறையை டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் குன்னூர்த் தியேட்டர் ஒன்றில், அந்தப் படத்தின் கடைசி ரயில் காட்சியை எடுத்த கேத்தியில் பிறந்து வளர்ந்த ஒரு அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்க, கடைசியில் ரயில் நகர ஆரம்பித்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்த மேடையிலதாம்மா தினமும் நின்னு ஸ்கூலுக்குப் போவேன்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அழ, நானும் அழுதுகொண்டே பார்த்தது இதுதான் முதல் தடவை. இதை எழுத வைத்ததே அந்த நிமிடம்தான்.

குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் பழைய படமோ, கவனிக்கப்படாமல் போன சின்னப் படமோ போடுகிற ஒரு தியேட்டர் இருக்கிறது. ஒரே திரை, கீழே மர நாற்காலிகள், மேலே சின்னதாக ஒரு பால்கனி, தகரக் கூரை. மற்ற ஆறு நாளும் எல்லா ஊரையும் போல வெள்ளிக்கிழமை வந்த புதுப்படம்தான் ஓடும், அதைப் பற்றி நான் எழுதவில்லை. "ஞாயித்துக்கிழமை பழைய படம் போடுற தியேட்டர்" என்று பஜாரில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். டிக்கெட் கீழே 60 ரூபாய், பால்கனி 90. கடந்த நான்கு மாதமாக அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிட்டத்தட்ட எல்லா ஞாயிறும் போயிருக்கிறேன், அதனால் நல்லது கெட்டது இரண்டையும் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. படம் 5 மணிக்கு ஆரம்பிக்கும், நீளமான படமாக இருந்தால் 4.30. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்றால் ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் கிராமங்களுக்குப் போகிற கடைசிப் பேருந்தை விட்டால் அப்புறம் வீட்டுக்குப் போக வழியில்லை, இருட்டிய பிறகு ரோட்டில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும், நடந்து போகிற பேச்சே கிடையாது. தியேட்டர் ஓனர் படத்தின் நீளத்தையும் பேருந்து நேரத்தையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஆட்ட நேரத்தை முடிவு செய்கிறார், நானே அந்தத் தாளைப் பார்த்தேன். இடைவேளை 10 நிமிடம் என்றால் சரியாக 10 நிமிடம்தான். கோயம்புத்தூரில் எத்தனையோ மால் தியேட்டர்கள் இருக்கின்றன, ஆனால் மலை இறங்கி ஒரு படம் பார்த்துவிட்டுத் திரும்பி ஏற முழு நாள் போய்விடும், இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு அது நடக்கிற காரியமே இல்லை.

சரி, படங்களுக்கு வருகிறேன். இந்தத் தியேட்டரின் பலமே படத் தேர்வுதான். கவுண்டரில் ஒரு நோட்டு தொங்குகிறது, யாருக்கு எந்தப் படம் வேண்டுமோ எழுதலாம். ஆனால் ஓனர் அதிக ஓட்டு வாங்கிய படத்தை அப்படியே எடுத்துப் போடுவதில்லை. யார் வருவார்கள், அவர்கள் எந்த எஸ்டேட், எந்த ஊர், போன வாரம் எதைப் பார்த்தார்கள் என்று யோசித்து யோசித்துப் போடுகிறார். போனைத் திறந்தால் ஆயிரம் படம் கிடைக்கிறதே, எதற்குத் தியேட்டர் என்று என் தம்பி கேட்டான். அந்த ஆயிரத்திலிருந்து இந்த மலையில் இருக்கிறவர்களுக்காக ஒன்றை ஒரு மனிதர் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறாரே, அது எந்தப் போனிலும் கிடைக்காது.

மூன்றாம் பிறை நல்ல உதாரணம். 1982ல் வந்த படம், கமலுக்கு நடிப்புக்கும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது, கதை எல்லாருக்கும் மனப்பாடம். விபத்தில் நினைவு தவறிக் குழந்தை மனசாகிவிட்ட பெண்ணை ஒரு வாத்தியார் கேத்திக்குக் கூட்டி வந்து பார்த்துக்கொள்கிறார், அவளுக்கு நினைவு திரும்பும்போது அவரையே அடையாளம் தெரியவில்லை. டிவியில் பார்க்கும்போது அந்தப் பனி வெறும் வெள்ளைப் பூச்சாகத்தான் தெரியும். பெரிய திரையில் அது அடுக்கடுக்காக வருகிறது, கிட்டே இருக்கிற மரம் கறுப்பாக, அதற்குப் பின்னால் இருப்பது சாம்பலாக, அதற்கும் பின்னால் ஏதோ இருக்கிறது என்கிற அளவுக்கு மட்டும். நாங்கள் தினமும் காலையில் கதவைத் திறந்தால் பார்க்கிற பனி அது, அதை இவ்வளவு உண்மையாக ஒருவர் பிடித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. முதல் பாதி முழுக்க பின் வரிசைப் பையன்கள் "டேய் அது நம்ம பக்கம்டா" என்று ஒவ்வொரு வளைவுக்கும் கத்திக்கொண்டே இருந்தார்கள், எனக்கு அது தொந்தரவாகவே தெரியவில்லை. கடைசிக் காட்சியில் அதே பையன்களிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. அன்றைக்குப் போட்ட கோப்பின் தரம் சுமார்தான், சில இடங்களில் முகம் சிவப்படித்துத் தெரிந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பரதேசி போட்ட ஞாயிறைப் பற்றிக் கொஞ்சம் நிறைய எழுத வேண்டும். 2013ல் பாலா எடுத்த படம், பி.எச். டேனியல் என்கிற தோட்ட மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவலை வைத்து எடுத்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கங்காணி ஊருக்குள் வந்து, வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது என்று ஆசை காட்டி, முன்பணம் கொடுத்து, சனங்களை நடத்தியே மலைக்குக் கூட்டிப் போகிறான். போன பிறகு அந்தக் கடன் அடையவே அடையாது, அதனால் இறங்கவும் முடியாது. படம் வந்தபோது நான் காலேஜில் இருந்தேன், இவ்வளவு கொடுமையைக் காட்ட வேண்டுமா என்று பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இந்தத் தடவை முழுக்க உட்கார்ந்தேன், ஏனென்றால் எனக்கு முன்னால் இரண்டு வரிசை முழுக்க எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள். வேன் பிடித்து வந்திருந்தார்கள், காதை மூடி ஸ்கார்ஃப், மேலே ஸ்வெட்டர், மடியில் பிள்ளைகள்.

அவர்களில் பலர் டேன்டீ தோட்டத்து ஆட்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 1964ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க, அரசாங்கம் நீலகிரியில் காட்டைத் திருத்தித் தேயிலை போட்டது, அதுதான் டேன்டீ. அப்படியானால் இவர்களுடைய பாட்டன் பூட்டன் ஒரு தடவை கங்காணி பின்னால் கடல் தாண்டிப் போனார்கள், பிள்ளைகள் இன்னொரு தடவை கடல் தாண்டி வந்து மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். திரையில் சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடக்கிற காட்சி வந்ததும் முன் வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நின்றுவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த நடை முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே பார்த்தார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழவில்லை, பேருந்து நேரமாகிவிட்டது என்று ஓனரே வந்து சொல்ல வேண்டியிருந்தது. வெளியே வரும்போது அந்தப் பாட்டி பேத்தியிடம் சொல்லிக்கொண்டு போனார்: "கண்டிச் சீமைக்கு எங்க அம்மாவப் பெத்தவ இப்பிடித்தான் போனாளாம். எனக்கு வாயால சொன்னாங்க, இன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன்."

படத்தில் எனக்கு ஒத்துவராத விஷயமும் இருக்கிறது. நாவலை எழுதியவரே தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், அப்படியிருக்க படத்தில் வருகிற டாக்டரை மதம் மாற்றவே வந்தவர் மாதிரி ஆட்டம் பாட்டத்தோடு காட்டியது தப்பு என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். இதை ஓனரிடம் சொன்னேன். "அடுத்த தடவை போடும்போது படம் முடிஞ்சதும் இதையே மேல வந்து பேசுங்க" என்றார். பேசத்தான் போகிறேன்.

தெப்பக்காடு யானை முகாமில் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தை, 2023ல் ஆஸ்கர் வாங்கியதே அதைத்தான், ஒரு காலைக் காட்சியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட்டார்கள். நாற்பது நிமிடம்தான். நான் போகவில்லை, என் பக்கத்து வீட்டுப் பையன் போய் வந்து இரண்டு நாள் ரகு ரகு என்று அந்த யானைக்குட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

இப்போது குறைகள். பெரிய குறை கூரை. குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் கொட்டுகிற மழை, வடகிழக்குப் பருவமழை. தகரக் கூரை மேல் அது விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிறில் கூழாங்கல் போட்டார்கள். வினோத்ராஜின் முதல் படம், 2021ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, ஆனால் நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வராமல் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. அதைப் பெரிய திரையில் பார்க்கக் கிடைத்ததே பெரிய விஷயம், நான் அந்த வாரம் முழுக்க அதற்காகக் காத்திருந்தேன். குடிகாரத் தகப்பன் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இழுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைத் தேடிப் போகிறான். திரும்பும்போது பையன் காசைக் கிழித்துப் போட்டுவிட, இரண்டு பேரும் கொளுத்துகிற வெயிலில் பொட்டல் காட்டில் நடந்தே வருகிறார்கள். வசனம் ரொம்பக் குறைவு. காலடிச் சத்தமும் காற்றும் தகப்பன் மூச்சு வாங்குவதும்தான் அந்தப் படத்தில் பேச்சு. அது எதுவுமே எங்களுக்குக் கேட்கவில்லை. திரையில் மதுரைப் பக்கத்து வெயில், காதில் குன்னூர் மழை. வால்யூமை ஏற்றிப் பார்த்தார்கள், இரைச்சல்தான் கூடியது. எனக்கு வந்த ஏமாற்றத்தைச் சொல்லி முடியாது. இந்தப் படம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வந்திருக்க வேண்டும், அப்போது இங்கே உறைபனி விழும், ஆனால் ஊரே சத்தம் இல்லாமல் இருக்கும். மழை மாதங்களுக்குப் பாட்டும் சண்டையும் உள்ள படங்களைப் போடலாம், அவற்றுக்கு மழை ஒன்றும் செய்யாது. இதையும் நோட்டில் அரைப் பக்கம் எழுதிவிட்டு வந்தேன்.

இன்னொரு ஞாயிறு 'கீ' வரவில்லை. இப்போதெல்லாம் படம் பெட்டியில் வருவதில்லை, ஹார்ட் டிஸ்கில் பூட்டிய கோப்பாக வருகிறது. அதைத் திறக்கிற சாவியைத் தனியாக அனுப்புவார்கள், இந்தத் தியேட்டரின் சர்வரில், இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் மட்டும்தான் அது வேலை செய்யும். அனுப்ப வேண்டியவர்கள் ஞாயிறு என்று மறந்துவிட்டார்களோ என்னவோ, 5 மணி ஆட்டத்துக்கு 5.40க்குத்தான் வந்தது. அதனால் ஹட்டிக்காரர்கள் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிட்டு எழுந்து ஓடினார்கள். ஓனர் வாசலில் நின்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். அது நல்ல மனசு, ஆனால் படத்தின் முடிவைப் பார்க்காமல் போனவர்களுக்குக் காசு பெரிதில்லை. இப்போது சனிக்கிழமையே சாவி வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுகிறார்களாம். அதற்குப் பிறகு தகராறு இல்லை.

நாற்காலிகள் பழசு, மூன்று மணி நேரப் படம் என்றால் வீட்டிலிருந்து சின்னக் குஷன் கொண்டு போங்கள். ஸ்வெட்டரும் மஃப்ளரும் கட்டாயம், உள்ளே வெளியை விடக் குளிரும். பெண்கள் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒன்றே ஒன்று, அந்த 10 நிமிட இடைவேளைக்கு அது போதவே போதாது, இதை அவர்கள் உடனே சரி செய்ய வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்பதால் வாசலில் ஒரு பெரிய எவர்சில்வர் டிரம்மில் வெந்நீரும் டம்ளரும் வைத்திருக்கிறார்கள். கேன்டீனில் இஞ்சி டீயும் வர்க்கியும் மட்டும்தான், வர்க்கி அன்றைக்குச் சுட்டது, டீயில் முக்கினால் உடனே கரையாமல் நிற்கும். பாப்கார்ன் இல்லை, எனக்கு அது பெரிய நிம்மதி.

அப்புறம் கேபின், படம் ஓட்டுகிற அறை. இதை எழுதாமல் முடிக்க மனசு வரவில்லை. அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960ல் மத்திய அரசு ஆரம்பித்த கம்பெனி, தூசி இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் ஃபிலிம் தொழிற்சாலையை மலை மேல் கொண்டு வந்து வைத்தார்கள். 'இந்து' என்கிற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயிற்று, அந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். 1990களிலேயே நஷ்டத்தில் நொடித்து, கடைசியில் மூடிவிட்டார்கள். அப்பா பல வருஷம் இருட்டிலேயே வேலை செய்தவர், ஃபிலிம் மேல் மருந்து பூசுகிற இடத்தில் வெளிச்சம் ஆகாது, கூட வேலை செய்கிறவரைக் குரலையும் காலடியையும் வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்போம் என்பார்.

மூன்றாம் பிறை முடிந்த அன்றைக்கு அவரை மேலே கேபினுக்குக் கூட்டிப் போனார்கள். டிஜிட்டல் புரொஜக்டருக்குப் பக்கத்தில் பழைய 35 எம்.எம். புரொஜக்டர்கள் இரண்டும் துடைத்துத் துணி போட்டு மூடி இருக்கின்றன. ஆபரேட்டருக்கு அறுபதுக்கு மேல் வயது, பையனாக இருந்தபோது கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டக் கற்றவராம். திரையின் வலது பக்க மூலையில் ஒரு புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட்டு, இரண்டாவது புள்ளியில் மாற்ற வேண்டும், ஒரு வினாடி தவறினால் கீழே விசில் பறக்கும் என்று செய்து காட்டினார். எத்தனையோ பழைய படத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறேன், பழுது என்றே நினைத்திருந்தேன்.

அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவைத் திறந்து கொஞ்சம் ஃபிலிம் எடுத்துக் கொடுத்தார். அப்பா கையில் வாங்கி முதலில் பார்க்கவில்லை, முகர்ந்தார். "வினிகர் வாடை வருது தம்பி. கெட ஆரம்பிச்சிருச்சு. மூடி வெக்காதீங்க, காத்தாட வைங்க, நம்ம ஊர் ஈரம் இதுக்கு ஆகாது" என்றார். ஆபரேட்டர் ஒன்றும் பேசாமல் டப்பா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் வைக்க, இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து, கெட்டதை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் பிரித்தார்கள். நான் ஒரு மணி நேரம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனி மூடியதற்குப் பிறகு அப்பா யாருக்காவது இப்படி வேலை சொல்லிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஃபிலிமைச் சுற்றும்போது ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டே சுற்றினார். இப்போதும் ஞாயிறு மதியம் சாப்பிட்டவுடன் கிளம்பி ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே போய்விடுகிறார்.

என் நோட்டு எழுத்துக்குப் பலன் கிடைத்திருக்கிறது. பாலு மகேந்திராவின் வீடு, 1988ல் வந்தது, அர்ச்சனா ஒரு சின்ன வீட்டைக் கட்டி முடிக்கப் படுகிற பாட்டைச் சொல்கிற படம், பாட்டே கிடையாது, மழைச் சத்தத்துக்குத் தாங்கவே தாங்காது. அதை இந்த மாதம் போடுவதாக இருந்தார்கள். போன ஞாயிறு போனபோது போர்டில் அதை அடித்துவிட்டு ஜனவரி முதல் ஞாயிறு, 5 மணி என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. கீழே கூழாங்கல் மறுபடியும், பிப்ரவரியில். பால்கனியில் இடம் பிடிக்காதீர்கள், கூரைக்குக் கிட்டே இருப்பதால் காற்றடித்தால் தகரம் கிறீச்சிடும். கீழே இடது பக்கம் நான்காவது வரிசைக்குப் பின்னால் எங்கே உட்கார்ந்தாலும் நன்றாகக் கேட்கும், படமும் முழுசாகத் தெரியும். நானும் அப்பாவும் அங்கேதான் இருப்போம்.